அடிவிளிம்பு

மார்கழி பாதி கழிந்ததும் பெயிண்ட் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். பொங்கலுக்குள் சுவருக்கு வெள்ளையடித்து, ஜன்னல் கம்பிக்குக் கறுப்பு எனாமல் பூசி, டப்பாவின் அடியில் மிஞ்சியதைத் தோட்டத்து மரக்கேட்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்துவிடுவது நம்மூர் வழக்கம். கேட் என்றால் இன்று பெரும்பாலும் இரும்புதான். ஆனாலும் உதகை, குன்னூர், கொடைக்கானல் பக்கத்துப் பழைய பங்களாக்களிலும் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோப்பு வீடுகளிலும் மரக்கேட்டுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. வெயிலில் நரைத்து, மழையில் ஊதி, ஒரு பக்கமாகத் தொங்கி நிற்கும் அப்படியொரு கேட்டைப் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது அதன் நிறம்தான். நிறம் போய்விட்டது, ஆகவே நிறம் பூசுவோம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த நரையால் மரத்துக்கு அநேகமாக ஒரு கெடுதலும் இல்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

மரத்தின் நார் செல்லுலோஸ். நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை லிக்னின். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் இந்தப் பசையை உடைக்கின்றன. உடைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மேலே மிஞ்சுவது வெளுத்துப்போன நார் மட்டும். அதில் ஆரியோபாசிடியம் புல்லுலன்ஸ் என்ற கறுப்புப் பூஞ்சை வந்து குடியேற, வெளுப்பும் கறுப்பும் கலந்து நாம் பார்க்கும் சாம்பல் நிறம் பிறக்கிறது. இவ்வளவும் நடப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில், 1910இல் தொடங்கப்பட்ட அரசு மர ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. பூச்சு இல்லாமல் வெயில் மழையில் நிற்கும் பைன் போன்ற மென்மரம் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தேயும், கெட்டியான மரங்கள் அதில் பாதிதான் தேயும் என்பது அங்கே நெடுங்காலம் அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு. ஒரு அங்குலக் கனமுள்ள தேக்குப் பலகை இந்த வேகத்தில் தேய்ந்து தீருவதற்குள் வீடு பல கை மாறியிருக்கும்.

அப்படியானால் பத்துப் பதினைந்து வருஷத்தில் கேட் விழுந்துவிடுகிறதே, அது எதனால்? கீழே குனிந்து பார்த்தால் தெரியும். அநேகமாகப் பலகையின் முகம் கெட்டிருக்காது, அடி கெட்டிருக்கும். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய குழாய்கள்தாம் பலகையின் நீளவாட்டில் ஓடுகின்றன. பலகையை அறுத்த முனையில் அந்தக் குழாய்களின் வாய் திறந்து கிடக்கிறது. பக்கவாட்டில் மெல்ல ஊறும் தண்ணீர், இந்த முனையின் வழியே பல மடங்கு வேகமாக உறிஞ்சப்படுகிறது. மழையில் தெறிக்கும் சேறு, காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர், செடிக்குப் போகும் குழாயின் ஒழுக்கு எல்லாமே சென்று சேரும் இடம் அதுதான். மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சைக்குத் தேவை ஈரம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதனால் தலையெடுக்க முடியாது. 30 சதவீதத்தை நெருங்கிவிட்டால் அதற்கு விருந்து. முகப்புப் பலகை ஒரு நாள் வெயிலில் காய்ந்துவிடும். அடிச்சட்டத்தின் மேல்விளிம்பும், சட்டத்தின் துளைக்குள் முளை புகுந்திருக்கும் இணைப்பும், கீலின் பட்டைக்கு அடியில் உள்ள மரமும் வாரக்கணக்கில் காயாது. ஒரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இந்த இடங்களில் குத்திப் பார்த்தால் போதும். நல்ல மரம் முனையைத் தடுக்கும். இற்றுப்போன மரம் உள்ளே விடும். பெயிண்ட் பளபளவென்று இருக்கும் கேட்டில்கூடக் கீழ்ச்சட்டத்துக்குள் ஸ்க்ரூ டிரைவர் பாதிவரை இறங்குவதுண்டு.

பழைய தமிழ் வீடுகளின் கதவுகளில் கீல் கிடையாது. கதவின் ஒரு ஓரத்தில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமிதான் அச்சு. மேல்குடுமி நிலையில் செருகியிருக்கும், கீழ்க்குடுமி கல்லில் குடைந்த குழியில் உட்கார்ந்து சுழலும். வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. எடை முழுவதும் தரையில் இறங்கிவிடுவதால் கதவு தொங்கவே தொங்காது. அதே அமைப்பைத் திறந்த வெளியில் வைத்தால் அந்தக் குழி மழைத்தண்ணீர் தேங்கும் கிண்ணமாகிவிடுகிறது. குடுமிக்கு இரும்புப் பூண் போட்டும், குழியிலிருந்து ஒரு சின்னக் காடி வெட்டித் தண்ணீருக்கு வழிவிட்டும் சமாளிக்கலாம். அதைச் செய்யாமல் விட்ட கதவுக்கு முதலில் போவது அந்தக் குடுமிதான்.

அடி கெட்டால் முழுவதையும் தூக்கிப் போட வேண்டும் என்பதில்லை. ஜப்பானில் ஹிரோஷிமாவுக்கு அருகே, இட்சுகுஷிமா கோயிலின் முன்னால் கடலுக்குள் நிற்கிறதே ஒரு பெரிய சிவப்பு வாயில், அதற்கு 16 மீட்டருக்கு மேல் உயரம். இப்போது நிற்பது 1875இல் எழுப்பியது. தலையில் ஒரு பெட்டிபோலக் கூடு அமைத்து, அதற்குள் டன் கணக்கில் கற்களை நிரப்பி, அந்தக் கனத்தாலேயே அலையில் சாயாமல் நிற்க வைத்திருக்கிறார்கள். முக்கியத் தூண்கள் இரண்டும் கற்பூர மரம். நாள்தோறும் இருமுறை கடல் ஏறி இறங்கும் இடத்தில் அதன் கால்கள் இற்றுப்போகத்தான் செய்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தூண்களின் அடியை மட்டும் அறுத்து நீக்கி, அதே இன மரத்தால் புதுக்கால் ஒட்டினார்கள். மேலே பழைய மரம் அப்படியே நின்றது. 2019இல் மறுபடியும் சாரம் கட்டி மூடி, கரையான் அரித்த இடங்களையும் உளுத்த இடங்களையும் சரிசெய்து, 2022 கடைசியில்தான் சாரத்தைப் பிரித்தார்கள். தோட்டத்துக் கேட்டுக்கும் செய்ய வேண்டியது இதுவேதான், அளவு மட்டும் சிறியது. இற்றுப்போன நாலு அங்குலத்தைச் சாய்வாக அறுத்தெடுத்து, அதே சாய்வில் புது மரத்துண்டு ஒன்றைப் பொருத்தி, நீர் தாங்கும் பசையும் துருப்பிடிக்காத திருகும் போட்டு இறுக்கினால் தீர்ந்தது. வெட்டு வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும் என்பது முக்கியம். உள்பக்கமாகச் சரிந்தால் மழைத்தண்ணீர் இணைப்புக்குள்ளேயே போய் உட்காரும். கைதேர்ந்த தச்சருக்கு இது அரைநாள் வேலை. ஆனால் இன்று அவரிடம் போனால் கேட்டை மாற்றச் சொல்வதற்கே வாய்ப்பு அதிகம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஒட்டுவேலைக்குப் புது வேலைக் கூலியை யாரும் கொடுப்பதில்லை.

மரத்தில் தண்ணீர் இறங்கும் பிரச்சினையை யாழ்ப்பாணத்தில் வேறு வழியில் தீர்த்திருந்தார்கள். அங்கே வளவுக்குள் நுழையும் வாயிலுக்குப் படலை என்று பெயர். வசதியுள்ள வீடுகளில் படலைக்கு மேல் ஓட்டுக்கூரையோ கிடுகுக்கூரையோ போட்டு, இரு பக்கமும் திண்ணை வைத்து, வழிப்போக்கர் உட்கார்ந்து இளைப்பாற இடம் செய்திருப்பார்கள், அதுதான் சங்கடப்படலை. விருந்தோம்பலின் அடையாளமாகவே அதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். வழிப்போக்கருக்குப் போட்ட அந்தக் கூரை கதவுக்கும் குடைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். கேரளத்துப் படிப்புரையும் கூரை போட்ட வாயில்தான். இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயங்களில் சவப்பெட்டியை இறக்கிவைத்துப் பாதிரியாருக்காகக் காத்திருக்கும் வாயிலுக்கும் கூரை உண்டு. மூன்று இடத்திலும் மரத்தின் தலைமுனையில் மழை நேராக விழவில்லை. அவ்வளவு பெரிய கூரை இன்று யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் கேட் பலகைகளின் உச்சிமுனைகளை மூடிச் சரிவாக ஒரு சட்டம் வைக்கலாம், அதன் மேல் ஒரு தகடு அடிக்கலாம். அந்தத் தகட்டின் செலவு ஒரு லிட்டர் எனாமலின் விலைக்குள் அடங்கிவிடும்.

இனி காலத்தைப் பற்றி. பொங்கலுக்கு முன் பூசுவதில் ஒரு கோளாறு இருக்கிறது. தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களுக்கு மழையில் பெரும்பங்கு வருவது வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஐப்பசி, கார்த்திகை முழுக்க மரம் தண்ணீர் குடித்துக் கொழுத்திருக்கும். மார்கழிப் பனி அதைக் காயவிடாது. வருஷத்திலேயே மரத்தில் ஈரம் மிகுந்திருக்கும் நாளாகப் பார்த்து நாம் எண்ணெய்ப் பெயிண்ட்டால் மூடுகிறோம். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் பங்குனி வெயிலில் ஆவியாகி வெளியேறத் துடிக்கும்போது பூச்சைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது. சித்திரையில் கொப்புளம் வெடிக்கும், ஆடியில் செதில் செதிலாக உரியும், அடுத்த மார்கழியில் மறுபடி பெயிண்ட் கடைக்கு ஓட வேண்டும். பெயிண்ட் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது பூசக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. அதற்குத் தோதான மாதம் மாசி அல்லது பங்குனி. நீலகிரிக்கும் கன்னியாகுமரிக்கும் தென்மேற்குப் பருவமும் உண்டு என்பதால் அங்கே கிடைக்கும் இடைவெளி இன்னும் குறுகியது. பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். அதற்குச் சுவர் இருக்கிறது.

பூசுவதற்கு முன்னால் சுரண்டல். எவ்வளவு சுரண்டுவது என்பது உலகத்தில் பெரிய சண்டையாகவே நடந்திருக்கிறது. 1877இல் வில்லியம் மாரிஸ் லண்டனில் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். புதுப்பிக்கிறேன் என்று தேவாலயச் சுவர்களைச் சுரண்டிப் புத்தம்புதிதாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய சங்கத்தின் செல்லப் பெயரே சுரண்டல் எதிர்ப்பு என்பதுதான். பழுது பார், புதுசாக்காதே என்பது அவர்கள் கட்சி. மரக்கேட் விஷயத்தில் இந்தக் கட்சிக்கு முழு ஓட்டுப் போட முடியாது. நரைத்த மேல்படலம் பிடிப்பற்ற நார். அதன் மேல் பூசினால் பெயிண்ட் நாரைப் பிடிக்கும், நார் மரத்தைப் பிடிக்காது. மேடிசன் ஆய்வுக்கூடத்தின் சோதனையில், புதுப்பலகையைச் சில வாரங்கள் வெயிலில் வைத்துவிட்டுப் பூசினால்கூடப் பிடிப்புக் குறைந்திருந்தது. எனவே உப்புத்தாளால் நல்ல மரம் தெரியும்வரை தேய்க்கத்தான் வேண்டும், பூசுவதாக இருந்தால். பூசாமல் நரையோடு விடுவதாக இருந்தால் தேய்க்க ஒரு அவசியமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் பாதி தேய்த்து, அவசரமாக ஒரு கோட் அடிப்பதுதான் உள்ளதிலேயே மோசமான வழி. நாம் வழக்கமாகச் செய்வதும் அதுதான்.

தேய்க்கும்போது ஒரு எச்சரிக்கை. கேட்டின் மேல் எத்தனை வருஷத்துப் பெயிண்ட் அடுக்கு அடுக்காக இருக்கிறதோ, அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று இந்தியாவில் விதி வந்தது 2016இல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பூச்சை உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் தூளில் ஈயமும் பறக்கும். குழந்தைகள் விளையாடும் மண்ணில் அது படிந்துவிட்டால் மழை கழுவாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வழித்ததைக் காகிதத்தில் அள்ளிக் கட்டி அப்புறப்படுத்துவதுதான் முறை.

சுரண்டுவதில் ஒரு லாபமும் உண்டு. பல கோட் பெயிண்ட்டுக்கு அடியில் இருப்பது தேக்கா, வேங்கையா, பலாவா என்பது அப்போதுதான் தெரியவரும். மரத்தைத் தப்பாகச் சொல்லிச் சரித்திரத்திலேயே ஏமாந்திருக்கிறார்கள். 1842இல் கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ, கஜினியிலிருந்து ஒரு ஜோடிக் கதவைப் பட்டாளத்தைக் கொண்டு தூக்கி வரச் செய்தார். முகமது கஜினி சோமநாதபுரத்திலிருந்து கொண்டுபோன சந்தனக் கதவுகள் இவை என்று ஊரெல்லாம் பிரகடனம் செய்தார். ஆராய்ந்து பார்த்தால் மரம் தேவதாரு, வேலைப்பாடும் கஜினிப் பக்கத்தது. கதவுகள் சோமநாதபுரம் போய்ச் சேராமல் ஆக்ரா கோட்டையிலேயே தங்கிவிட்டன.

ஆணி அடித்த இடத்துக்குக் கீழே கறுப்பாகக் கோடு வழிந்திருப்பதை எல்லாரும் அழுக்கு என்றே நினைக்கிறார்கள். அது மை. கடுக்காயின் துவர்ப்போடு அன்னபேதியைச் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சினார்கள். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் கடுக்காய் தோய்ந்த துணியில் இரும்புக் கரைசல் படுவதால்தான். மரத்திலும் துவர்ப்பு இருக்கிறது, ஆணியில் இரும்பு இருக்கிறது, மழை இரண்டையும் கலந்து எழுதிவிடுகிறது. உப்புத்தாளால் எவ்வளவு தேய்த்தாலும் இது போகாது. ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினால் சிறிது நேரத்தில் மறையும். அது விஷம் என்பதால் கையுறை வேண்டும், பிறகு நன்றாகக் கழுவவும் வேண்டும். ஆனால் அதே இரும்பு ஆணியை அங்கேயே விட்டுவைத்தால் அடுத்த மழையில் மறுபடி எழுதும். துருப்பிடிக்காத எஃகுத் திருகு விலை கூடுதல்தான், கஞ்சத்தனம் காட்டக்கூடாத இடம் இது.

தரையில் உரசும் கேட்டைத் தூக்கித் தூக்கித் திறப்பதற்கு நாம் பழகிப்போயிருக்கிறோம். காரணம் பெரும்பாலும் குறுக்குச்சட்டம் தலைகீழாக இருப்பது. கதவின் எடை தாழ்ப்பாள் பக்கத்து மூலையைத் தரைக்கு இழுக்கிறது. செவ்வகம் மெல்ல இணைகரமாகிறது. மரச்சட்டம் அமுக்கத்தைத் தாங்கும். இழுப்பில் அதன் முனையிலுள்ள ஆணி கழன்றுவிடும். ஆகவே அது கீழ்க்கீலில் காலை ஊன்றிச் சாய்ந்து ஏறி, தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலையைத் தோள் கொடுத்துத் தாங்க வேண்டும். மேல்கீலிலிருந்து கீழே இறங்கும் மரச்சட்டம் வெறும் அலங்காரம், போதாததற்குச் சுமை. கம்பியாக இருந்தால் கணக்கு நேரெதிர்: மேல்கீலிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கீழ்மூலைக்கு இழுத்துக் கட்டி முறுக்கினால் தொங்கிய கதவு நிமிரும். தெருவில் ஒரு நடை போய் வந்தால் தலைகீழ்ச் சட்டம் எத்தனை என்று எண்ணலாம். அவற்றையெல்லாம் அழகாகப் பெயிண்ட்டும் செய்திருப்பார்கள்.

மழைக்காலத்தில் கதவு இறுகுவது வேறு கதை. ஈரம் ஏறினால் மரம் அகலத்தில் விரியும், நீளத்தில் அநேகமாக அசையாது. 15 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகை ஒன்று கோடைக்கும் அடைமழைக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் அளவுக்கு மாறும். தேக்கு இதில் சாது. மற்ற பல மரங்கள் இன்னும் அதிகம் ஆடும். பலகைகளுக்கு நடுவே தச்சர் விட்ட சந்து இதற்காகத்தான். பெயிண்டர் வந்து, சந்து அசிங்கமாக இருக்கிறதென்று பட்டி வைத்து அடைத்துவிடுகிறார். பிறகு ஐப்பசியில் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிப் புடைக்கும், கதவு நிலையில் சிக்கும். மறைக்காட்டுக் கோயில் கதவு திறக்க அப்பர் பதிகம் முழுவதையும் பாட வேண்டியிருந்தது, அடைக்கச் சம்பந்தருக்கு ஒரே பாட்டு போதுமாயிருந்தது என்கிறது பெரியபுராணம். அடைமழையில் ஊதிய கேட்டோடு மல்லுக்கட்டியவருக்கு அந்தக் கணக்கு புரியும்.

எதைப் பூசுவது? எனாமலும் வார்னிஷும் மரத்தின் மேல் தோல் போடுகின்றன. மரம் அசைய அசைய அந்தத் தோல் முதலில் இணைப்பில்தான் விரிசல் விடுகிறது. அந்தக் கீறலில் நுழையும் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. உள்ளே ஊறும் எண்ணெய்க்கு அந்த வம்பு கிடையாது. மங்கினால் துடைத்துவிட்டு மறுபடி தடவலாம், சுரண்ட வேண்டியதில்லை. ஆனால் அடிக்கடி தடவ வேண்டும். நம் பக்கத்தில் உத்தரத்துக்கும் படகுக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிவந்தார்கள். கரையான் அண்டாது, தண்ணீர் ஏறாது. கறுப்பாகக் காயும், கையில் பட்டால் தோல் வெந்துவிடும். அழகுக்கு ஆகாது என்றாலும் யார் கண்ணிலும் படாத அடிச்சட்டத்துக்கு அதைவிட ஏற்றது கிடைப்பது அரிது. கடையில் லின்சீட் ஆயில் என்று விற்கும் ஆளிவிதை எண்ணெய் முகப்புக்குச் சரி. அது காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேறாமல் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்றில் 1991 பிப்ரவரியில் 22ஆவது மாடியில் தொடங்கிய தீ, மரவேலைக்காரர்கள் விட்டுப்போன இப்படிப்பட்ட துணியிலிருந்துதான் கிளம்பியது. தீயணைப்பு வீரர்கள் மூவர் அதில் இறந்தார்கள். துணியைத் திறந்தவெளியில் விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கி வைக்க வேண்டும்.

ஆக, முக்கியமான பூச்சு அடிவிளிம்புக்குத்தான். கேட் தொங்கிக்கொண்டிருக்கும்போது பிரஷ் அங்கே எட்டாது. கழற்றி, இரண்டு முக்காலியின் மேல் தலைகீழாகப் படுக்கவைத்து, அறுத்த முனைகள் எண்ணெயைக் குடித்து முடிக்கும்வரை திரும்பத் திரும்ப ஊட்ட வேண்டும். முனை காய ஒரு நாள், முகப்புக்கு இரண்டு கோட் என்றால் இன்னும் இரண்டு நாள். இதெல்லாம் தெரிந்த பெயிண்டர்கள்கூட இதைச் செய்யாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. கேட்டைக் கழற்றி வைத்த மூன்று நாளும் தெருவில் இருக்கும் ஆடுகள் முழுக்கத் தோட்டத்துக்குள்தான் இருக்கும். வீட்டுக்காரர் பெயிண்ட் உரிந்ததை அடுத்த வருஷம்தான் பார்ப்பார், செம்பருத்தி மொட்டையானதை அன்று சாயங்காலமே பார்த்துவிடுவார். வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் ஒரு முள்படல் கட்டி வைத்துக்கொள்வது நல்லது.